இரகசியச் சபையும் பகிரங்க உடன்படிக்கையும்

வரலாற்றை நடத்துபவர் யாவர் என்னும் வினா மிகப் பழையது. மன்னரே நடத்துகின்றனர் என்று அரசவையினர் பாடினர். இறைவனே நடத்துகின்றான் என்று மடங்களில் இருந்தோர் எழுதினர். மக்களின் உழைப்பும், அவ்வுழைப்பின் பயனைக் கொள்பவர் யார் என்பதில் எழும் போராட்டமுமே வரலாற்றை உந்துகின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தெளிவாக வகுக்கப்பட்ட விடை. இம்மூன்றுக்கும் புறம்பான நான்காவது விடையொன்றும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத சிறு கூட்டமொன்று இருட்டறையிற் கூடிச் சூழ்ச்சி செய்கின்றது. போர்களும் புரட்சிகளும் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளும் அச்சூழ்ச்சியின் விளைவுகளே என்பது அவ்விடை. ஆராய்ச்சியாளர் என்றோ தள்ளிவிட்ட இவ்விடை இன்று புதிய வாகனமொன்றில் ஏறி வருகின்றது. இளைஞர் பொழுதுபோக்காக ஆடும் கணினி விளையாட்டே அவ்வாகனம்.

பிரெஞ்சு நிறுவனமாகிய யூபிசொவ்ற் 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிட்ட 'அசசின்ஸ் கிறீட்: வல்ஹல்லா' என்னும் விளையாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளே அதன் கதை நிகழுங் காலம். நோர்வேயிலிருந்து கடல் கடந்து இங்கிலாந்திலே குடியேறும் எய்வோர் என்னும் வைக்கிங் பாத்திரமாக நின்று நாம் அதனை ஆடுகின்றோம். இங்கிலாந்தின் அரண்மனைகளிலும் மடங்களிலும் சந்தைகளிலும் 'தொன்மையோர் சபை' என்றதோர் இரகசிய அமைப்பு ஊடுருவியிருக்கின்றது. மனித குலத்தை அடக்கியாளுதலே அதன் நோக்கம். அதன் உறுப்பினர் நாற்பதுக்கு மேற்பட்டோர். அவருள் ஒருவனுக்கு ஊசி என்று பெயர். ஒருவனுக்கு எழுதுகோல் என்று பெயர். இன்னொருவனுக்குக் கொல்லனின் பட்டடைக்கல் என்று பெயர். தடயங்களைத் தேடித் திரட்டி, ஒவ்வொரு முகமூடியாகக் கழற்றி, ஒவ்வொருவராகக் கொன்றொழிப்பது விளையாடுபவரின் பணி. 'தந்தை' என்னும் மறைபெயர் பூண்ட தலைவன் மட்டும் இறுதிவரை வெளிப்படுவதில்லை.

அவ்வில்லன் யார்? வரலாற்றிலே 'மகா அல்பிரட்' எனப் போற்றப்படும் வெசெக்ஸ் நாட்டு மன்னனே அவன். கதையிலே மற்றுமொரு திருப்பமும் உண்டு. சபையினரைக் காட்டிக்கொடுத்து, 'கிறித்துவின் ஏழைத் தோழப் போர்வீரன்' என்று ஒப்பமிட்டு எய்வோரின் தரப்புக்குக் கடிதம் எழுதிவந்தவனும் அவனே. தன் கைக்கு வந்து சேர்ந்த புறச்சமயச் சபையை வைக்கிங்கின் வாளாலே ஒழித்துவிட்டு, அதனிடத்தில் கிறித்தவ ஒழுங்குக்கமைந்த புதிய சபையொன்றை நாட்டுவதே அவனது உட்கருத்து. பிற்காலத்துத் தெம்ப்ளர் சங்கத்தின் வித்து இவ்வாறு ஊன்றப்பட்டது என்று கதை முடிகின்றது.

விளையாட்டை விளையாட்டாகக் கொள்ளாது அதனோடு வாதிடுவது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விளையாட்டைச் செய்தோர் இதனை வரலாற்று நூலென்று கூறவில்லை. நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் ஆடை அணிகளையும் அவர்கள் அக்கறையோடு ஆராய்ந்து அமைத்துள்ளனர். 2021இலே கொலையும் போருமற்ற கல்விப் பதிப்பொன்றையும் வெளியிட்டனர். ஆயினும், ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எண்ணற்ற இளைஞர் அறிந்துகொள்வது இவ்விளையாட்டின் வாயிலாகவே என்பதை மறத்தலாகாது. ஆண்டொன்று பிழைபட்டிருந்தால் ஆசிரியர் எளிதில் திருத்திவிடலாம். 'ஏன் நிகழ்ந்தது' என்பதைப் பற்றிய கருத்துப் பிழைபட்டிருந்தால் அது அவ்வளவு எளிதில் திருந்துவதன்று. எனவே அல்பிரட்டின் காலத்தை இயக்கிய சக்திகள் எவை என்பதை நாம் சிறிது விரிவாக நோக்குதல் தகும்.

வைக்கிங்குகள் இங்கிலாந்துக்கு வந்தது எதனால்? 793இல் லின்டிஸ்வான் மடம் கொள்ளையிடப்பட்டது முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அவர்கள் கோடையில் வந்து கொள்ளையிட்டுச் சென்றனர். 865இல் நிலைமை மாறிற்று. பெரும்படையொன்று கிழக்கு அங்கிலியாவில் இறங்கி, ஆங்கிருந்தோரிடம் குதிரைகளைப் பெற்று, ஆண்டுக்கணக்கில் நாட்டினுள் நடமாடியது. 866இல் யோர்க் நகர் வீழ்ந்தது. 869இல் கிழக்கு அங்கிலியாவின் மன்னன் எட்மண்ட் கொல்லப்பட்டான். 874இல் மேர்சியாவின் மன்னன் பேர்க்றெட் நாட்டை விட்டு ரோமாபுரிக்கு ஓடினான். நான்கு அரசுகளுள் மூன்று பத்தாண்டுக்குள் சிதைந்தன. மந்திரமோ மர்மமோ இதிலில்லை. ஸ்கந்திநேவியாவிலே தலைவனாக விளங்க விரும்பியவன் தன்னைச் சூழ்ந்த வீரருக்கு வெள்ளியும் பொருளும் வாரி வழங்கவேண்டியிருந்தது. அவ்வெள்ளி வாணிகத்தாலும் வந்தது. கொள்ளையாலும் திறையாலும் வந்தது. மனிதரைப் பிடித்து விற்றதாலும் வந்தது. 872ஆம் ஆண்டின் குளிர்காலத்தைப் பெரும்படை கழித்த டோர்க்சி என்னுமிடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அரபு வெள்ளிக் காசுகளின் துண்டுகள் கிடைத்துள்ளன. வெள்ளியை நிறுத்து வாங்கிய எடைக்கற்களும் அங்கே கிடைத்தன. பக்தாத்திலும் மத்திய ஆசியாவிலும் அடிக்கப்பட்ட நாணயம் இங்கிலாந்தின் ஆற்றங்கரைப் பாசறைவரை வந்து சேரத்தக்க வணிக வலையொன்று அன்று இருந்தது. அவ்வலையிலே கைமாறிய பண்டங்களுள் மனிதரும் அடங்குவர்.

கொள்ளைக்கு வந்தோர் பின்னர் நிலத்துக்கு உரியோராயினர். 876இல் ஹால்வ்டன் என்னும் தலைவன் நோர்தம்பிறியாவின் நிலத்தைத் தன் வீரருக்குப் பங்கிட்டான். அவர்கள் உழுது வாழத் தொடங்கினர் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேடு கூறுகின்றது. மறு ஆண்டு மேர்சியாவின் ஒரு பகுதியும், 880இல் கிழக்கு அங்கிலியாவும் அவ்வாறே பங்கிடப்பட்டன. வெள்ளி, அடிமை, நிலம் ஆகிய மூன்று சொற்களால் அக்காலத்துப் படையெடுப்பின் காரணங்களைப் பெரும்பாலும் விளக்கிவிடலாம். விளையாட்டிலோ எய்வோரின் கூட்டத்தார் மடங்களைச் சூறையாடிப் பொருள் கொள்வரேயன்றி ஒருவரையும் அடிமையாகப் பிடிப்பதில்லை. குடிமக்களைக் கொன்றால் விளையாட்டே தடைப்பட்டுவிடும். வைக்கிங் வாணிகத்தின் மிகக் கொடிய பண்டத்தை அகற்றிவிட்டு, அவ்விடத்தை நிரப்ப ஓர் இரகசியச் சபையைக் கொணர்ந்துள்ளனர். உண்மையான குற்றம் மறைந்தது. கற்பனைக் குற்றவாளி தோன்றினான்.

இனி அல்பிரட்டைப் பார்ப்போம். 871இல் அரசேறிய அவ்விளைஞன் அவ்வாண்டிலேயே எதிரிகளுக்குப் பொருள் கொடுத்து அமைதியை வாங்கினான். 878 ஜனவரியில் குத்ரம் என்னும் தலைவனின் படை சிப்பெனத்தைத் திடீரெனத் தாக்கவே, சோமசெற்றின் சதுப்பு நிலத்திலுள்ள அதெல்னியில் ஒளிந்தான். அவ்வாண்டு மே மாதத்தில் எடிங்டன் போரில் வென்றான். குத்ரம் ஞானஸ்நானம் பெற்றான். அல்பிரட்டே அவனுக்கு ஞானத்தந்தையானான். இவையெல்லாம் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் செய்திகள். வெற்றிக்குப் பின் அவன் கட்டிய ஆட்சியமைப்பே நமக்கு முக்கியமானது.

தெற்கு இங்கிலாந்து முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட அரண்கள் எழுந்தன. அவ்வரண்களின் கணக்கைத் தரும் பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆவணமொன்று நமக்குக் கிடைத்துள்ளது. ஒரு குடும்பம் பிழைக்கப் போதிய நிலமென்று மதிக்கப்பட்ட 'ஹைட்' ஒவ்வொன்றும் ஓர் ஆளைத் தரவேண்டும். மதிலின் ஐந்தரை யார் நீளத்துக்கு நால்வர் நிற்கவேண்டும். அவ்வாறு கூட்டினால் ஏறத்தாழ இருபத்தேழாயிரம் பேர் மதில் காக்கக் கடமைப்பட்டிருந்தனர் என்பது புலனாகும். மண் சுமந்தோரும் மரம் அறுத்தோரும் காவல் நின்றோரும் நிலத்தில் உழைத்த மக்களே. அவர்கள் மனமுவந்து இதனைச் செய்யவில்லை. அரசன் கற்பித்தும் புகழ்ந்தும் ஏவியும் பார்த்து, முடிவிலே பணியாதவரைத் தண்டித்தான் என்று அவனது வரலாற்றை 893இல் எழுதிய ஆசர் என்னும் மதகுருவே ஒப்புக்கொள்கின்றார். அரசனைப் புகழ எழுந்த நூலிலேயே மக்களின் எதிர்ப்பு இவ்வாறு எட்டிப்பார்க்கின்றது.

அல்பிரட்டும் குத்ரமும் செய்துகொண்ட உடன்படிக்கையொன்று இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. 878க்கும் குத்ரம் இறந்த 890க்கும் இடையில் எழுதப்பட்டது அது. மிகச் சிறியது, ஐந்து பிரிவுகளே கொண்டது. முதற்பிரிவு எல்லையை வகுக்கின்றது: தேம்ஸ் நதி, லீ நதி, பெட்போட், ஊஸ் நதி என்று அக்கோடு செல்கின்றது. பாடநூல்கள் இவ்வெல்லையோடு நின்றுவிடும். இரண்டாம் பிரிவே நாம் ஊன்றிப் படிக்கவேண்டியது. அக்காலத்திலே ஒருவன் கொல்லப்பட்டால் கொன்றவன் அவனது சுற்றத்தாருக்கு உயிர்விலை கொடுக்கவேண்டும். ஆங்கிலேயனாயினும் டேனியனாயினும் உயிர்விலை ஒன்றே; அது தூய பொன்னில் எட்டு அரைமார்க் என்று உடன்படிக்கை விதிக்கின்றது. எத்துணைப் பெருந்தன்மை என்று வியக்குமுன் அடுத்த வாக்கியத்தை நோக்குவாம். குத்தகை நிலத்தில் வாழும் ஆங்கிலேயக் குடியானவனும், டேனியரிடத்து விடுதலை பெற்ற அடிமையும் இதற்கு விலக்கு. அவ்விருவரும் தமக்குள் சமமானோர். அவருள் ஒவ்வொருவனுக்கும் இருநூறு ஷில்லிங் மட்டுமே. பொன்னிலே மதிக்கப்பட்ட உயிருக்கும் ஷில்லிங்கிலே மதிக்கப்பட்ட உயிருக்கும் பல மடங்கு வேறுபாடு.

இதன் பொருள் என்ன? ஆங்கிலேயன் என்றும் டேனியன் என்றும், கிறித்தவன் என்றும் புறச்சமயி என்றும் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டி மாய்த்த இரு தரப்பின் மேலோரும் மேசையில் அமர்ந்தவுடன் தமக்குள் சமத்துவம் கண்டனர். இரு தரப்பின் கீழோரும் கீழோராகவே சமப்படுத்தப்பட்டனர். நாட்டுக்கு நாடு கீறிய எல்லைக் கோட்டைக் காட்டிலும் ஆழமான வேறோர் எல்லைக் கோடு அவ்வேட்டிலே கீறப்பட்டிருக்கின்றது. அது தேம்ஸ் நதியின் வழியே செல்லவில்லை. இரண்டு மக்களினங்களின் நடுவிலும் குறுக்கே செல்கின்றது.

நான்காம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. ஆட்களையோ குதிரைகளையோ எருதுகளையோ வாங்குபவன் அவற்றுக்கு உரிமை கூறும் பிணையாளியை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஆள், குதிரை, எருது மூன்றும் ஒரே நிரலில் நிற்கின்றன. ஐந்தாம் பிரிவு, அடிமையாயினும் சுதந்திரனாயினும் அனுமதியின்றி அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் கடந்து செல்லலாகாது என்று தடுக்கின்றது. எவரும் செய்யாத செயலை எவரும் சட்டமிட்டுத் தடுப்பதில்லை. எனவே, தத்தம் ஆண்டைகளை விட்டு எதிரியின் நிலத்துக்கு ஓடிப்போனோர் இருந்தனர் என்பது இதனாலேயே தெளிவாகும். பாதிரியார் பேய்களென்று பழித்த பகைவரிடம் ஓடிச்சென்றாலும் தம் நிலை மேலாகலாம் என எண்ணியோர் அவர்கள். அவர்தம் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தது அவர்களைத் தடுக்கும் விதியை மட்டுமே.

இவ்வுடன்படிக்கை நிலவறையிலே முகமூடியணிந்து செய்யப்பட்டதன்று. ஆங்கிலேயரின் ஆலோசகர் அனைவரும், கிழக்கு அங்கிலியாவின் மக்கள் யாவரும் உடன்பட்டதாக, பிறந்தோர்க்கும் பிறவாதோர்க்கும் பொருந்துவதாக, சத்தியத்தோடு அறிவிக்கப்பட்டது. அல்பிரட் வெளியிட்ட சட்டத் தொகுப்பும் அவ்வாறே பகிரங்கமானது. கிறித்து பிறப்புக்குப் பன்னிரண்டு நாள், உயிர்த்தெழுந்த திருநாளை ஒட்டிப் பதினான்கு நாள் என்று சுதந்திரருக்கு ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஓய்வு நாட்களை அது வழங்குகின்றது. அடிமைகளுக்கு இவை இல்லை. ஆண்டில் நான்கு புதன்கிழமைகள் மட்டும், தமக்குக் கிடைத்த பொருளையும் ஓய்வு நேரத்தில் உழைத்துப் பெற்றதையும் விற்றுக்கொள்ள விடப்பட்டனர். இருநூறு ஆண்டின் பின் 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கிலும், பதியப்பட்டோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமை. இவ்வளவும் மறைவாகவா நடந்தது? கோயிற் பீடத்திலும் நியாயமன்றிலும் சந்தையிலும் யாவரும் காண நடந்தது.

அல்பிரட்டின் பெயரால் வழங்கும் நூல்களுள் போயிதியசின் தத்துவநூலுக்குச் செய்யப்பட்ட பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒன்று. மூலத்திலே இல்லாத கருத்தொன்று அதில் சேர்க்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தொழிலுக்கும் கருவி வேண்டியிருப்பது போல, அரசனுக்கும் கருவிகள் வேண்டும். வழிபடுவோரும் போர்புரிவோரும் உழைப்போருமே அவன் கருவிகள் என்பது அக்கருத்து. மனிதரைக் கருவிகளென்று அரசு வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றது! விளையாட்டின் இரகசியச் சபையினர் ஊசியென்றும் பட்டடைக்கல்லென்றும் கருவிகளின் பெயரைத் தாமே சூடிக்கொள்கின்றனர். வரலாறோ நேர்மாறானது. ஊசியும் அரிவாளும் சம்மட்டியும் ஏந்திய கைகளுக்குரிய மனிதரே கருவிகளென்று கணக்கிடப்பட்டனர். கணக்கிட்டோர் முடியும் மிதரும் அணிந்து முன்வாயிலால் நடந்தனர்.

அவ்வாறாயின், அக்காலத்து ஆட்சியாளரிடம் மறைக்கப்பட்டது எதுவுமே இல்லையா? உண்டு. 2015இல் ஒக்ஸ்போட் மாகாணத்து வொற்லிங்டனுக்கு அருகே ஏறத்தாழ இருநூறு வெள்ளிக் காசுகள் கொண்ட புதையலொன்று வெளிப்பட்டது. பேர்க்றெட் ஓடியபின் மேர்சியாவில் அரசேறியவன் இரண்டாம் கெயோல்வுல்வ். வெசெக்சில் தொகுக்கப்பட்ட ஆண்டேடு அவனை வைக்கிங்குகள் இருத்திவைத்த மூடனென்று இகழ்ந்து தள்ளியது. புதையலிலோ அல்பிரட்டின் பெயராலும் கெயோல்வுல்வின் பெயராலும் ஒரே வடிவமைப்பில் அடிக்கப்பட்ட காசுகள் பல கிடைத்தன. இருவரும் கூட்டாளிகளாக நாணயத்தைச் சீர்ப்படுத்தியிருந்தனர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மேர்சியா வெசெக்சின் ஆட்சிக்குள் வந்தபின், பழைய கூட்டாளியை ஏட்டிலே சிறுமைப்படுத்துவது வென்றவருக்கு வசதியாயிருந்தது. இதுவே மெய்யான மறைப்பு. இதற்கு இரத்தச் சத்தியமும் நிலவறையும் வேண்டியதில்லை. எழுதத் தெரிந்த சிலரும், எழுதத் தெரியாத பலரும் இருந்தால் போதும்.

நாம் இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். ஆட்சியாளர் மறைவில் ஒப்பந்தம் செய்வதில்லை என்பது எமது வாதமன்று. 1916இல் பிரித்தானியாவும் பிரான்சும் அரபு நாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள இரகசியமாக உடன்பட்டன. 1917 நவம்பரில் ருசியப் புரட்சி அரசாங்கம் அதனை உலகறிய வெளியிட்டது. அவ்விரகசியம் வெளிப்பட்டபோது தெரிந்தது என்ன? எவரும் அறியாத தீய தெய்வமன்று. யாவரும் அறிந்த ஏகாதிபத்திய நலனே. ஆவணத்தாலும் காசாலும் எலும்பாலும் நிறுவப்படும் சதி வேறு. எதனாலும் மறுக்கமுடியாத, எதையும் விளக்கிவிடும் சர்வவியாபகச் சதி வேறு. முன்னையது ஆராய்ச்சியின் பொருள். பின்னையது ஆராய்ச்சியின் பகை.

அப்பகை வெறும் அறிவுப்பகையாக நிற்பதில்லை. அது இரத்தம் சிந்தியதற்கு அல்பிரட்டின் வழித்தோன்றல் ஒருவனே சான்று. 1002ஆம் ஆண்டில் எதெல்ரெட் மன்னனுக்கு ஒரு செய்தி எட்டியது: நாட்டில் வாழும் டேனியர் அவனையும் அவன் ஆலோசகரையும் கொன்று அரசைக் கைப்பற்றச் சதி செய்கின்றனர் என்பது அச்செய்தி. கடற்கொள்ளையருக்குக் கொட்டிக்கொடுத்தும் அமைதி காணாத அரசு அது. மக்களின் சினத்துக்கு இலக்கொன்று வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள், புனித பிறைசின் திருநாளில், நாட்டிலுள்ள டேனிய ஆண்களைக் கொல்லுமாறு ஆணை பிறந்தது. ஒக்ஸ்போட்டிலே அஞ்சியோடிய டேனியர் கோயிலொன்றுள் புகுந்தனர். துரத்தியோர் அக்கோயிலுக்கே தீ வைத்தனர். இதனை 1004இல் மன்னன் வழங்கிய சாசனம் நாணமின்றிக் கூறுகின்றது. கோதுமையிடையே முளைத்த களைகளாகவே அச்சாசனம் டேனியரைக் குறிக்கின்றது. 2008இல் ஒக்ஸ்போட்டின் கல்லூரி நிலமொன்றிலே வெட்டுக்காயங்களோடும் எரிந்த தழும்புகளோடும் முப்பதுக்கு மேற்பட்ட இளைஞரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன. அப்படுகொலையில் மாண்டோராகலாம் என்று பலர் கருதுவர். அவர்கள் அயலவராய் வாழ்ந்தோர். சதியின் உறுப்பினர் என்பதற்கு அவர்தம் மொழியும் பிறப்பும் தவிர வேறு சான்று எதுவும் தேவைப்படவில்லை.

விளையாட்டு வித்திட்டுக் காட்டும் தெம்ப்ளர் சங்கத்தின் கதியும் அதுவே. 1120ஐ ஒட்டி எருசலேமில் தோன்றிய அச்சங்கம் நிலமும் கோட்டையும் வட்டித் தொழிலும் கொண்ட பகிரங்க நிறுவனம். கடனிலே மூழ்கிய பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப் 1307 ஒக்டோபர் 13இல் அதன் உறுப்பினரைச் சிறைப்பிடித்தான். இரவிலே இரகசியச் சடங்குகள் செய்தனர், சிலுவையில் உமிழ்ந்தனர் என்று சித்திரவதையால் வாக்குமூலம் பெற்றான். 1312இல் பாப்பாண்டவர் சங்கத்தைக் கலைத்தார். 1314இல் அதன் தலைவன் எரிக்கப்பட்டான். அரசனின் கடன் நெருக்கடி பின்னே மறைந்தது. இரகசியச் சபை என்னும் கதை முன்னே நின்றது. 1797இல் பரூவல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், பிரெஞ்சுப் புரட்சியே தெம்ப்ளர் வழிவந்த இரகசியச் சபைகளின் சதியென்று நூல் எழுதத் தொடங்கினார். அப்பத்தின் விலையும் உழவரின் வரிச்சுமையும் அவர் கண்ணிற் படவில்லை. 1903இல் ருசியாவில் அச்சேறிய 'சீயோன் மூப்பரின் நெறிமுறைகள்' என்னும் போலி ஏடு அதே கதையை யூதர்மேற் சுமத்தியது. 1864இல் வெளிவந்த அரசியல் அங்கதமொன்றிலிருந்து திருடிய சரக்கே அது என்று 1921இல் இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை நிறுவிக்காட்டியது. அதன் பின்னரும் நாசிகள் அதனைப் பரப்பினர். அக்கதை எங்கே சென்று முடிந்தது என்பதை உலகம் அறியும்.

எனவேதான் இரகசியச் சபை வில்லனை வெறும் கதையலங்காரமென்று விட்டுவிட நம்மால் இயலவில்லை. விளையாட்டைச் செய்தோர் இனவெறியர் என்று நாம் கூறவில்லை. அவர்கள் கையாண்ட அச்சு மிகப் பழையது. பலர் கையிலே பட்டுக் கறைபடிந்தது என்பதையே சுட்டுகின்றோம்.

'மகா அல்பிரட்' என்னும் படிமத்தையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஆங்கில ஏகாதிபத்தியம் உச்சியில் நின்றபோது, 1901இல், வின்செஸ்ரர் நகரில் அவனுக்கு மாபெருஞ் சிலை எழுப்பினர். ஆயிரமாம் நினைவாண்டென்று கொண்டாடினர். உண்மையிலோ அவன் இறந்தது 899இல். சட்டம், கடற்படை, கல்வி, ஏன் பேரரசே அவன் ஒருவனின் அருட்கொடை என்று பேசினர். 2020இன் விளையாட்டு அதே மனிதனைத் திரைக்குப் பின்னின்று யாவற்றையும் ஆட்டுவிக்கும் சூத்திரதாரியாக்கிற்று. ஒன்று புகழ், மற்றது ஐயம். வேறுபாடு அவ்வளவே. இரண்டும் ஒரு மனிதனின் சித்தத்தை வரலாற்றின் காரணமாக்குகின்றன. இரண்டிலும் மதில் கட்டியவனுக்கு இடமில்லை. எல்லை கடந்து ஓடியவளுக்கும் இடமில்லை. கல்வியைப் பரப்ப விரும்பிய அரசன், கற்கத்தக்கோர் வசதியுள்ள சுதந்திர இளைஞர் என்று வரையறுத்தான். அவன் அரக்கனுமல்லன், தெய்வமுமல்லன். தன் வர்க்கத்தின் அறிவுக்கூர்மை மிக்க பிரதிநிதி அவன்.

இரகசிய வில்லன் நமக்குத் தரும் ஆறுதல் ஒன்றுண்டு. நாற்பத்துச் சொச்சம் பேரைக் கண்டுபிடித்துக் கொன்றுவிட்டால் உலகம் நலம்பெறும் என்பதே அது. உயிர்விலையை நிர்ணயித்த சட்டமும், நிலத்தின் உடைமையும், வெள்ளியின் வணிகமும் அவ்வாறு கொல்லக்கூடியவை அல்ல. அவற்றை அறியவேண்டும், அறிந்தோர் ஒன்றுசேர்ந்து மாற்றவேண்டும். தனி ஒருவனின் மறைவாளால் ஆகக்கூடியதன்று அப்பணி.

ஆசிரியர்கள் இவ்விளையாட்டைத் தடைசெய்யவேண்டியதில்லை. தடை, இரகசியத்துக்கு இன்னொரு கவர்ச்சியைத் தரும். அதனை ஆடிவரும் மாணவனிடம் அல்பிரட்-குத்ரம் உடன்படிக்கையின் ஐந்து பிரிவுகளையும் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். இரண்டாம் பிரிவிலே யாருடைய உயிருக்கு என்ன விலை, நான்காம் பிரிவிலே மனிதன் எவற்றோடு நிற்கின்றான், ஐந்தாம் பிரிவு யாரைக் கண்டு அஞ்சுகின்றது என்று கேட்கலாம். அவன் அங்கே எந்த முகமூடியையும் காணமாட்டான். வெளிச்சத்திலே, சாட்சிகளின் முன்னே, கையொப்பத்தோடும் சத்தியத்தோடும் அநீதி எவ்வாறு சட்டமாகின்றது என்பதைக் காண்பான். அதனைக் கண்டவன் தன் காலத்துச் சட்டங்களையும் அதே கண்ணோடு படிப்பான்.